ஒரே மாத்திரை, வேறு வேறு வயிறு

(தில்லியில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் வயிறு, குடல் நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற ஊர்களில் உள்ள உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற வேண்டி இங்கே தரப்படுகிறது.)

 ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டுப் பெற்றோருடன் வந்திருக்கும் இளைஞர்களுக்கு என் ஆசிகள்.

"ஜீரண நோய்களுக்குத் தனிநபருக்கேற்ற மருத்துவம்" என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு மாமா என்னிடம், "ஆளுக்கு ஒரு மாத்திரை தனியாகப் பண்ணித் தருவார்களா டாக்டர்?" என்று கேட்டார். அப்படி இல்லை. மாத்திரை அதேதான். அது யாருக்கு, எத்தனை மில்லிகிராம், யாருக்குக் கூடவே கூடாது என்பதை மாத்திரை வயிற்றுக்குள் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. சில விஷயங்களில் இன்று முடியும். பல விஷயங்களில் முடியாது. முடியாததையும் முடியும் என்று சொல்லி விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த மூன்றையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது நமக்கெல்லாம் தெரிந்த சப்ஜெக்ட்.

பால் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் என்சைம் குழந்தைகள் எல்லோருக்கும் உண்டு. வளர வளரப் பலருக்கு அது குறைந்துவிடும். குறைந்தவர்கள் பால் குடித்தால் வயிறு உப்புசம், கடமுடா சத்தம், பேதி. 1981-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தில்லியில் பரிசோதித்தவர்களில் 27.4 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. ஹைதராபாத், புதுச்சேரி இரண்டிலும் பரிசோதித்தவர்களில் 66.6 சதவீதம். ஒரே தேசம்தான், வித்தியாசத்தைப் பாருங்கள். பெரியவர்களான பிறகும் பாலை ஜீரணிக்க வைக்கும் மரபணு மாற்றத்தை 2002-ல் ஃபின்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியாவில் வடமேற்கில் ஜாஸ்தி, தெற்கேயும் கிழக்கேயும் குறைவு என்று 2012-ல் தெரிந்தது.

இதைச் சொன்னால் உடனே, "அப்படியானால் தயிர் சாதம்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. தயிரில் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடுகிறது. மீதியை உடைக்கும் என்சைமையும் அந்த பாக்டீரியாவே நம் குடலுக்குள் கொண்டுவந்து கொடுக்கிறது. ஆகையால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. என்சைம் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு டம்ளர் பாலை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து, சிரமமில்லாமல் தாங்குவார்கள். இதற்கு ஜீன் டெஸ்ட் எதுவும் தேவையில்லை. பத்து நாள் பாலை நிறுத்திப் பார்த்து, பிறகு மறுபடி குடித்துப் பார்த்தால் வயிறே சொல்லிவிடும்.

கோதுமை விஷயம் இவ்வளவு லேசானதல்ல. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தெற்கிலிருந்து வந்து தில்லி, கான்பூர், போபால், ஜெய்ப்பூர் என்று குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

சீலியாக் நோய் என்று ஒன்று. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் சிலருடைய உடம்பு தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்ப வந்தது. வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமேல் முன்பே சந்தேகம் இருந்தது. அது உறுதிப்பட்டது அப்போதுதான்.

இந்த நோய் வர வேண்டுமானால் ஹெச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை இருக்க வேண்டும். நம் நாட்டு மருத்துவர்கள் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சீலியாக்கைக் காட்டும் ரத்த எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கே 0.10 சதவீதம்தான். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்படியானால் தெற்கத்தியர்களுக்கு அந்த மரபணு இல்லையா? இருக்கிறது! வடக்கே 38.1 சதவீதம் பேருக்கு இருந்தது என்றால் தெற்கே 36.4 சதவீதம் பேருக்கு இருந்தது. கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு நம்முடைய குடும்பங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. தாத்தா கும்பகோணத்தில் மூன்று வேளையும் அரிசி சாப்பிட்டார். பேரன் நொய்டாவில் காலையில் பிரெட், மத்தியானம் டிபன் டப்பாவில் சப்பாத்தி, ராத்திரி ஃபுல்கா. மரபணு தாத்தாவுடையது, தட்டு பஞ்சாபிகளுடையது. இத்தனை தலைமுறை சும்மா படுத்துக்கொண்டிருந்த ஒன்றை நாம் எழுப்புகிறோமோ என்பது ஒரு ஊகம்தான். ஆனாலும் மருத்துவனுக்கு உதவுகிற ஊகம். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பத்து வயசுக் குழந்தை, உயரம் போதவில்லை, ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை, இரும்புச் சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகப் போகிறது. சீலியாக் டெஸ்ட் எடுக்கலாம் என்றால் பாட்டி சண்டைக்கு வருகிறாள். "அதெல்லாம் இங்கத்தியாளுக்கு வர வியாதி, நம்மாத்துல யாருக்கும் கிடையாது." பாட்டி சொல்வது ஒரு வகையில் உண்மை. அவர் வீட்டில் யாருக்கும் இருந்திருக்காது, ஏனென்றால் அவர் வீட்டில் யாரும் கோதுமை தின்றதில்லை.

இங்கே இரண்டு விஷயங்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரத்தப் பரிசோதனை பொய்யாக நார்மல் காட்டும். டெஸ்ட் முடியும்வரை சாப்பிட்டே ஆக வேண்டும். இன்னொன்று, நோய் உறுதியானால் சப்பாத்தியை மட்டும் நிறுத்தினால் போதாது. ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான். நம் சமையலறையில் யாரும் சந்தேகப்படாத ஒன்று இருக்கிறது. பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி இட்லிக்கு மாறிவிட்டோம், ஏன் குழந்தை தேறவில்லை என்று கேட்கும் தாயாரிடம் சாம்பாரில் என்ன போடுகிறீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சாப்பாடு போதும். மருந்துக்கு வருகிறேன். உயிர் போகிற விஷயம் இங்கேதான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாண்டான் ஒருவனுக்குப் பெருங்குடல் புண் நோய். அல்சரேடிவ் கொலைடிஸ் என்பார்கள். ரத்தமும் சீதமுமாகப் போகும். 24 வயசு, பெங்களூரில் வேலை. ஸ்டீராய்டு கொடுத்து நோய் அடங்கியது. ஸ்டீராய்டை ஆயுசுக்கும் கொடுக்க முடியாது அல்லவா? அதனால் அசாதயோபிரின் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். நல்ல மருந்து, விலை குறைவு, அறுபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள மருந்து. வழக்கமான டோஸ் எழுதிக்கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நடுவில் ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. பதினெட்டாம் நாள் தலையணையெல்லாம் முடி. அம்மா போனில், "பெங்களூர் தண்ணி ஒத்துக்கலை, நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றாள். இரண்டு நாளில் வாய் முழுக்கப் புண், 104 டிகிரி ஜுரம். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்தபட்சம் 4,000 இருக்க வேண்டும். அவனுக்கு 600. தனி அறையில் வைத்து ஆன்டிபயாடிக் கொடுத்து, மறுபடி அணுக்கள் ஏறுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பகவான் கிருபை, பிழைத்தான்.

அதே மாத்திரையை அதே அளவில் அவனுடைய பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மருந்தின் கதையே அழகானது. நியூயார்க்கில் கெர்ட்ரூட் எலியன் என்று ஒரு பெண். அவருடைய 15-வது வயதில் அவருடைய தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். அதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் மருந்து ஆராய்ச்சிக்கு வந்தார். டாக்டர் பட்டம்கூட முடிக்கவில்லை. ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவருடன் சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்கு 6-மெர்காப்டோப்யூரினையும், அதிலிருந்து அசாதயோபிரினையும் உண்டாக்கினார். இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு. அந்தப் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட மூன்றாமவர் ஜேம்ஸ் பிளாக். வயிற்றுப்புண்ணுக்கு சிமெடிடின் மாத்திரையைக் கொடுத்தவர். குடல் வைத்தியர்களான எங்களுக்கு அந்த வருஷத்துப் பரிசு ரொம்பப் பிரியமானது.

அசாதயோபிரின் உடம்புக்குள் போனதும் ஒரு பங்கு வேலை செய்யும் ரூபமாக மாறுகிறது. மிச்சத்தை என்சைம்கள் அழித்துவிட வேண்டும். அழிக்கும் என்சைம் குறைவாக இருந்தால் மருந்து சேர்ந்துகொண்டே போய் எலும்பு மஜ்ஜையை அடக்கிவிடும். இப்படி ஒரு என்சைம் டி.பி.எம்.டி. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிச்சர்ட் வைன்ஷில்பாம் 1980-ல் அதை ஆராய்ந்து, 300 பேரில் ஒருவருக்கு அது அறவே இல்லை, பத்தில் ஒருவருக்குப் பாதிதான் இருக்கிறது என்று காட்டினார். மேல்நாட்டு டாக்டர்கள் அதைச் சோதித்துவிட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த நாட்டுக்காரர்களுக்கு அது சரி. நம் பக்கத்தில் டி.பி.எம்.டி. குறை அவர்களைவிடக் குறைவு. ஆனால் வெள்ளை அணு விழுவது நம் பக்கத்தில் குறைவாக இல்லை. கணக்கு உதைத்தது.

விடை கொரியாவிலிருந்து வந்தது. 2014-ல் அங்கே க்ரோன்ஸ் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் என்.யு.டி.டி.15 என்ற இன்னொரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் போதும். ஐரோப்பியர்களிடம் இந்த மாற்றம் அபூர்வம். அதனால்தான் அவர்கள் கண்ணில் படவே இல்லை. நம் நாட்டில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு ஒரு பிரதி மாறியிருக்கும். தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்து இரண்டு பிரதியும் மாறியவர்கள் சில நூறு பேரில் ஒருவர். அவர்களுக்குத்தான் இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டி, கூடவே வெள்ளை அணுவும் விழும். முடி கொட்டுவதே எச்சரிக்கை மணி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சமாசாரம் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் பிற்பாடு சோதித்ததில் இரண்டு பிரதியும் மாறியிருந்தது.

2018-லிருந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்தின் குறிப்புத் தாளிலேயே என்.யு.டி.டி.15-ஐச் சேர்த்துவிட்டது. சர்வதேச வழிகாட்டுதல் என்ன சொல்கிறது என்றால், இரண்டு பிரதியும் மாறியவருக்குக் குடல் நோய்க்காக இந்த மருந்தே வேண்டாம், வேறு மருந்து கொடுங்கள். ஒரு பிரதி மட்டும் மாறியவருக்கு வழக்கமான டோஸில் 30 முதல் 80 சதவீதத்துக்குள் ஆரம்பியுங்கள். இந்த டெஸ்ட் இப்போது நம் பெருநகரங்களின் லேப்களில் சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்யலாம். ஆயுளில் ஒரு தடவை செய்தால் போதும், ஜீன் மாறப்போவதில்லை.

ஜீன் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வேறு காரணங்களாலும் அணுக்கள் குறையலாம். முதல் மாதம் வாராவாரம், பிறகு மெள்ள இடைவெளி கூட்டி, மருந்து சாப்பிடும் காலம் முழுவதும் பார்க்க வேண்டும். அந்த டெஸ்ட்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஜீன் டெஸ்ட்டுக்கு வசதியில்லாத ஊரில் இருப்பவர்கள் இதையாவது விடாமல் செய்துகொள்ளலாம். டாக்டர் எழுத மறந்தால், "வெள்ளை அணு எப்போது பார்க்க வேண்டும்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

எலியன் அம்மையார் உண்டாக்கிய இன்னொரு மருந்தும் நம் வீடுகளில் இருக்கிறது. அல்லோப்யூரினால். கட்டைவிரல் வீங்கும் யூரிக் ஆசிட் வியாதிக்கு அப்பாக்கள் சாப்பிடுவது. 6-மெர்காப்டோப்யூரின் உடம்பில் சீக்கிரம் அழிந்துபோகாமல் இருப்பதற்காகத்தான் அதை முதலில் சோதித்தார்கள். பிறகுதான் யூரிக் ஆசிட்டுக்கு வந்தது. அப்படியென்றால் யோசித்துப் பாருங்கள், ஒருவர் குடலுக்காக அசாதயோபிரினும் கட்டைவிரலுக்காக அல்லோப்யூரினாலும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஜீன் நன்றாக இருந்தாலும் அதே ஆபத்து. குடல் டாக்டர் ஒருத்தர், மூட்டு டாக்டர் வேறொருத்தர், இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் யாரும் பார்ப்பதில்லை.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம், சபையில் பேசத் தயங்குவார்கள், நான் பேசுகிறேன். பெருங்குடல் புண் நோய் பெரும்பாலும் இருபது வயசிலிருந்து முப்பத்தைந்து வயசுக்குள் வருகிறது. ஜாதகம் எடுக்கிற வயசு. பெண்ணுக்கு இருந்தால் மறைத்துவிடுகிறார்கள். கல்யாணமாகிப் புக்ககம் போன பெண் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள், பிறகு சாப்பிடுவதை நிறுத்துகிறாள், வாராவாரம் ரத்தம் கொடுக்கப் போக முடியாது. நோய் திரும்ப வரும்போது கர்ப்பமாக இருக்கிறாள். இப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோய் அடங்கியிருக்கும் பெண்ணுக்குக் குழந்தைப் பேறு மற்றவர்களைப் போலவேதான். அசாதயோபிரினைக் கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடரச் சொல்கிறோம். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைத்தான் கர்ப்பம் தரிக்கப் பல மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டும். எந்தப் பெண்ணுக்கு எது என்று தீர்மானிக்க அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாமியாருக்குத் தெரியாமல் இருப்பதற்காக டாக்டருக்கும் தெரியாமல் போனால் எந்த ஜீன் டெஸ்ட்டும் உதவாது. பிள்ளை வீட்டார்களுக்கு நான் சொல்வது, இது ஒட்டுவாரொட்டி வியாதி அல்ல. வைத்தியத்துக்கு அடங்குகிற வியாதி. பொருத்தம் பார்க்கும்போது இதையும் சர்க்கரை வியாதி, பி.பி. மாதிரிப் பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தச் சபையில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும் மாத்திரைக்கு வருகிறேன். கேஸ் மாத்திரை! ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், பான்டோப்ரசோல் என்று ஒரு குடும்பம். வயிற்றில் ஆசிட் சுரப்பதை நிறுத்துபவை. இவற்றை உடைப்பது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2சி19 என்ற என்சைம். சிலருக்கு இது வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மந்தம்.

வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் தானே குடித்துக் காட்டினாரே, 2005-ல் ராபின் வாரனுடன் நோபல் வாங்கினாரே, அந்தக் கிருமியை ஒழிக்க ஒமெப்ரசோலும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுப்போம். ஜப்பானில் 1998-ல் ஒரு சின்ன ஆராய்ச்சி. 62 பேர்தான். ஒமெப்ரசோலும் அமாக்சிசிலினும் கொடுத்தார்கள். என்சைம் வேகமாக இருந்தவர்களில் 28.6 சதவீதம் பேருக்குத்தான் கிருமி ஒழிந்தது. நடுத்தரமானவர்களில் 60 சதவீதம். மந்தமானவர்களில் நூற்றுக்கு நூறு. மந்தமாக உடைத்தால் மருந்து ரொம்ப நேரம் ரத்தத்தில் தங்கும், ஆசிட் நன்றாக அடங்கும், ஆன்டிபயாடிக் நன்றாக வேலை செய்யும். இன்று பெரும்பாலும் மூன்று நான்கு மருந்து சேர்க்கிறோம். ஆனால் ஜீன் வித்தியாசத்தை இவ்வளவு பளிச்சென்று காட்டிய உதாரணம் எங்கள் துறையில் வேறு எனக்குத் தோன்றவில்லை.

ஆக, மந்தம் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் க்ளோபிடோக்ரல் நேர்மாறு. அது அப்படியே வேலை செய்யாது. இதே என்சைம் அதை மாற்றினால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும். என்சைம் மந்தமானவர்கள் மாத்திரையை முழுங்குவார்கள், பலன் குறைவாக இருக்கும். பிரிட்டனில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சத்தவர்களை வைத்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில் 57 சதவீதம் பேருக்கு இந்த என்சைம் ஓரளவோ முழுவதுமோ மந்தம். நாமும் அதே துணைக்கண்டத்து ரத்தம்தான். அதற்குமேல் ஒமெப்ரசோல் இந்த என்சைமை இன்னும் அடக்கிவிடும். 2009-ல் அமெரிக்காவில் க்ளோபிடோக்ரலோடு ஒமெப்ரசோல் வேண்டாம் என்று எச்சரித்தார்கள். 2010-ல் மந்த என்சைம் உள்ளவர்களைப் பற்றியும் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்தார்கள். நிஜ வாழ்க்கையில் இதனால் எவ்வளவு பேருக்கு மாரடைப்பு வருகிறது என்பதில் டாக்டர்களிடையே இன்னும் வாதம் உண்டு. வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பான்டோப்ரசோல் இந்த என்சைமை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாளைக் காலையில் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் க்ளோபிடோக்ரலைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப் பையன் கொடுத்த கேஸ் மாத்திரை அந்தச் சீட்டில் இருக்காது. அதையும் கையில் கொண்டு போங்கள்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு இரண்டு வார்த்தை. 5-எஃப்.யு. என்ற கீமோ மருந்தை அழிக்கும் என்சைமின் மரபணு டி.பி.ஒய்.டி. அது கெட்டிருந்தால் வழக்கமான டோஸே விஷம். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020-லிருந்து முன்கூட்டியே சோதிக்கப் பரிந்துரை செய்கிறது. இரினோடீகன் என்ற இன்னொரு மருந்தில், கில்பர்ட் ஸ்வபாவம் உள்ளவர்களுக்கு ஜாஸ்தி பேதி, ஜாஸ்தி அணுக்குறைவு ஏற்படலாம். கில்பர்ட் என்றால் வேறொன்றுமில்லை. "எனக்கு எப்பவுமே பிலிருபின் இரண்டு இருக்கும், உபவாசம் இருந்தா கண் மஞ்சளாகும்" என்று சொல்பவர்கள் நம் வீடுகளில் உண்டு அல்லவா, அதுதான். அது நோயே அல்ல, கீழாநெல்லியும் தேவையில்லை. ஆனால் கீமோ டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

பிரிந்து பிரிந்து அவரவர் வகுப்புக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு வந்த நம் தேசத்தில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. ஆந்திரத்து வைசிய சமூகத்தில் ஒரு ரத்த என்சைம் குறை மற்றவர்களைவிட ஜாஸ்தியாக இருப்பது தெரிந்த விஷயம். மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் அவர்களில் சிலருக்குச் சில நிமிஷத்துக்குப் பதிலாக மணிக்கணக்கில் தங்கிவிடும், மூச்சுவிட முடியாது. பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகிறவர் அதைச் சொல்லிவிட்டால் டாக்டர் வேறு மருந்து போடுவார், தீர்ந்தது. ஒவ்வொரு மூடிய சமூகத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கலாம். நம்மிடம் என்ன இருக்கிறது என்று முழுவதும் தேடப்படவில்லை. ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பை 2025 ஜனவரியில் வெளியிட்டிருக்கிறார்கள், இனிமேல் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஆனால் வகுப்பைக் கேட்டு டோஸ் போட முடியாது. சகோதரர்கள் இருவருக்கே ஜீன் வேறாக இருக்கும். தனி ஆளைத்தான் சோதிக்க வேண்டும்.

"இதெல்லாம் ஆயுர்வேதத்தில் வாதம், பித்தம், கபம் என்று அப்போதே சொல்லியாச்சே!" என்று யாராவது கேட்பீர்கள். ஆளுக்கு ஆள் வைத்தியம் மாற வேண்டும் என்ற கருத்து அங்கே உண்டு, அதை மறுக்கவில்லை. தில்லியில் மத்திய அரசின் மரபணு ஆராய்ச்சி நிலையத்தார் பிரகிருதிக்கும் ஜீனுக்கும் உள்ள தொடர்பை 2008-லிருந்து ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் பிரகிருதி பார்த்து அசாதயோபிரின் டோஸ் தீர்மானிக்க இன்று யாராலும் முடியாது. கருத்துக்கு மரியாதை, டோஸுக்கு டெஸ்ட்.

கடைசியாக, வாங்கக் கூடாதவை. எச்சிலைத் தபாலில் அனுப்பினால் உங்கள் ஜீனுக்கேற்ற டயட் சார்ட் வரும் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் வைத்துச் சோதித்தார்கள். கொழுப்புக் குறைத்த உணவு யாருக்குப் பலித்தது, மாவுச்சத்துக் குறைத்த உணவு யாருக்குப் பலித்தது என்பதை ஜீனை வைத்துச் சொல்ல முடியவில்லை. 2018-ல் முடிவு வந்தது. மலத்தை அனுப்பிக் குடல் பாக்டீரியா ரிப்போர்ட் வாங்குவதும் இப்போதைக்கு அப்படித்தான். இஸ்ரேலில் 2015-ல் 800 பேரைப் பார்த்து, ஒரே பதார்த்தத்துக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை ஏறுவது மாறுகிறது, குடல் பாக்டீரியாவும் அதில் பங்கு வகிக்கிறது என்று காட்டினார்கள். அருமையான ஆராய்ச்சி. அதற்கும் உங்கள் வீட்டுக்கு வரும் பத்துப் பக்கக் கலர் ரிப்போர்ட்டுக்கும் வெகு தூரம். இருநூறு பதார்த்தத்துக்கு ஐ.ஜி.ஜி. ரத்த டெஸ்ட் எடுத்து, "இதிலே கத்தரிக்காயும் துவரம்பருப்பும் ஆகாது" என்று லிஸ்ட் கொடுப்பார்கள். அந்த ஐ.ஜி.ஜி. நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதை நம்பிப் பருப்பையும் தயிரையும் நிறுத்தி எலும்பும் தோலுமாக வந்த வயதான தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் செலவில்லாத ஒன்று சொல்கிறேன். ஒரு முழுத் தாள் எடுத்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்த வருஷம், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அப்பா, சித்தப்பா, அத்தை உள்பட. மருந்தின் பெயரை எழுதுங்கள், "பச்சைக் கலரில் சின்ன மாத்திரை" என்று எழுதாதீர்கள். மயக்க மருந்துத் தொந்தரவு, சீலியாக், கில்பர்ட், ஜீன் டெஸ்ட் ஏதாவது எடுத்திருந்தால் அதன் நகல், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும், அந்த கேஸ் மாத்திரை உள்பட. ஒரு பிரதி பர்ஸில், ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு, பெண்ணுக்கு. மாதிரித் தாள் ஒன்று தமிழில் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசலருகே மேஜையில் இருக்கிறது. கண்ணாடி கொண்டுவராதவர்களுக்காகப் பெரிய எழுத்தில்தான் அடித்திருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், நான்கு மணிவரை இருப்பேன். நமஸ்காரம்.